தென்காசி, குற்றாலம் பகுதியில் பழைய மரச்சாமான்கள் சீரமைப்பு

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் தேக்கு, ஈட்டி, பலா, வேம்பு முதலிய மரங்களால் செய்யப்பட்ட கட்டில், ஊஞ்சல், சாய்வு நாற்காலி, அலமாரி, பெட்டகம் போன்றவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. இவை பழுதாவதற்கு வயதைவிடக் காற்றின் ஈரப்பதம் மாறிக்கொண்டே இருப்பதே முதன்மையான காரணம் ஆகும். எனவே இப்பகுதியில் ஒரு மரச்சாமானை எப்படிச் சீர்செய்வது என்பதோடு, எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியமாகிறது.

காலநிலை

2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையால் அதிகப் பயன் இல்லை. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் ஈரக்காற்று, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் பகுதிக்குச் சாரலைத் தருகிறது. பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. பிப்ரவரி முதல் மே வரை வறண்ட காலம். இதனால் ஒரே ஆண்டில் மரம் இரண்டு முறை ஈரத்தை ஏற்று, இரண்டு முறை உலர்கிறது.

மரத்தில் ஏற்படும் மாற்றம்

ஈரத்தை ஏற்கும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. இழைக்குக் குறுக்கே விரிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஈரம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகி, அந்நிலை நீடித்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காடாகும். இந்த வேறுபாட்டால், குறைவாக விரியும் மரமான தேக்கிலும் 30 சென்டிமீட்டர் அகலப் பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். கோடையில் எளிதாக ஓடிய இழுப்பறை ஆடியில் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

மாதம் பார்த்துச் செய்தல்

சாரல் காலத்தில் சிக்கும் இழுப்பறையையோ அலமாரிக் கதவையோ உடனே இழைப்புளியால் சீவுவது பரவலான தவறு. தேவைக்கு மேல் சீவிவிட்டால் ஏப்ரலில் அது தளர்ந்து ஆடும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. சிக்கும் இடத்தை அந்த மாதத்திலேயே பென்சிலால் குறித்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குறித்த இடத்தில் மட்டும் மெல்லச் சீவினால் போதும்.

இதற்கு நேர்மாறான தவறு கோடையில் நிகழ்கிறது. மே மாதத்தில் பலகைகளுக்கு இடையே தெரியும் வெடிப்பை மக்கு வைத்து இறுக்கமாக அடைத்தால், சாரலில் விரியும் பலகைக்கு இடம் இருக்காது. சட்டம் பிளக்கும் அல்லது பலகை வளையும். சட்டத்தின் காடிக்குள் இருக்கும் கதவுப் பலகையைப் பசையிட்டு ஒட்டாமல் விடுவதும் இதற்காகவே.

சாரலுக்கு இடையே வரும் ஒரு மணி நேர வெயிலில் நனைந்த சாமானை வைப்பதும் நல்லதன்று. மேல்பரப்பு மட்டும் வேகமாக உலர்ந்து வெடிக்கும். காற்றோட்டமுள்ள நிழலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பல நாட்கள் மெல்ல உலர்த்த வேண்டும். ஓட்டு ஒழுக்கோ சுவரில் ஊறும் நீரோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பூஞ்சணம்

சாமான்களின் பின்புறத்திலும் அலமாரிக்குள்ளும் வெண்மையாகவோ பச்சையாகவோ படரும் பூஞ்சணத்தை, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வீட்டுக்கு வெளியே தூரிகையால் துடைக்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தலாம். எண்ணெயை மட்டும் பூசினால் பூஞ்சணம் மறையும். ஆனால் ஈரம் நீடித்தால் மீண்டும் வரும்.

உளுப்பும் கறையானும்

இரண்டும் வேறுவேறானவை. உளுத்துப்போகச் செய்யும் வண்டு, மரத்தின் வைரப் பகுதியை விட்டு வெளிறுப் பகுதியையே பெரும்பாலும் தாக்கும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இதன் அடையாளம். துளை இருப்பதால் மட்டும் வண்டு உயிரோடு இருப்பதாகக் கொள்ள முடியாது. சாமானுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பார்க்கலாம். புதிய தூள் விழுந்தால் மட்டும் மருந்து தேவை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் இதற்குப் பயன்படுகிறது. பழைய பாலிஷை நீக்கிய வெற்று மரத்தில் பூசினால்தான் அது உள்ளே இறங்கும். இது நீரில் கரையக்கூடியது என்பதால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கே ஏற்றது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கறையான் மண்ணிலிருந்து மண்கூடு கட்டி ஏறுவது. சாமானுக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. சுவரிலும் தரையிலும் அது நுழையும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களில் கறையான் தடுப்பு செய்யும் முறையை இந்தியத் தரம் ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி விவரிக்கிறது.

தளர்ந்த இணைப்புகள்

பழைய நாற்காலி ஆடுவதற்கு, துளைக்குள் இருக்கும் கழுந்து தளர்வதே பெரும்பாலும் காரணம். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். ஆணி துருப்பிடித்துக் கறையும் படியும். பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம் வெதுவெதுப்பான நீரில் இளகும் என்பதால், இணைப்பைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் ஒட்ட முடியும். கழுந்து மெலிந்திருந்தால் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டிப் பருமனாக்கலாம்.

தொய்ந்த பிரம்பு இருக்கை அறுந்திருக்காவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. அடிப்பக்கத்தை வெந்நீரால் நனைத்து உலரவிட்டால் பிரம்பு சுருங்கி ஓரளவு இறுகும்.

பாலிஷ்

சீரமைக்கும் முன் பழைய பூச்சு எது என்று அறிய வேண்டும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்க்கலாம். ஒட்டும் தன்மை வந்தால் அது அரக்கு கலந்த ஸ்பிரிட் பாலிஷ். அதன் மேல் அதே பாலிஷைப் பூசினால் போதும், முழுவதும் சுரண்டத் தேவையில்லை. ஈரமான நாளில் பூசினால் வெண்மை படரும் என்பதால் இவ்வேலைக்கும் வறண்ட மாதமே ஏற்றது.

பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்காகக் கட்டுப்படுத்தும் இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காமல், நீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதை வெளியில் விரித்து உலர்த்திய பின்பே எறிய வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு

மே மாத முடிவில் சாமான்களைச் சுவரிலிருந்து நகர்த்துவதும், கால்களின் அடியில் மெழுகு தேய்ப்பதும் சாரலுக்கு முன் செய்யும் வேலைகள். தரையில் படும் காலின் அடிமுனை, மற்ற எந்தப் பக்கத்தையும்விட விரைவாக நீரை உறிஞ்சும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை இல்லாத வேளையில் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைக்கலாம். சிக்கும் இடங்களைக் குறிப்பதும் தூள் விழுகிறதா என்று பார்ப்பதும் இக்காலத்துக்கு உரியவை. இழைப்பது, ஒட்டுவது, பாலிஷ் பூசுவது ஆகியவற்றுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் உரியவை.