உறையும் ஒரு பாதுகாப்பே

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர்களின் வாரக்கூலிக்காக வங்கியில் பணம் எடுத்துவிட்டு வரும் வழி அது. முற்றத்துக் குழாயடியில் கால் கழுவக் குனிந்தபோது, வேட்டி மடிப்பில் துணிப்பையோடு செருகியிருந்த ரிவால்வர் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஆறு அறைகளிலும் தோட்டாக்கள் இருந்தன. நான்கடி தூரத்தில் என் பேத்தி நின்றிருந்தாள். நல்லவேளையாக அது வெடிக்கவில்லை.

முறையான உரிமம் பெற்றவர் அவர். எந்தக் குற்றமும் செய்யாதவர். துப்பாக்கிக்காகப் பெருந்தொகை செலவிட்ட அவர், அதைச் சுமக்கும் உறைக்கு மட்டும் எதையும் செலவிடவில்லை. துணை ராணுவப் படையின் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த அலட்சியத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

2020 ஜனவரி 8 அன்று இரவு களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை நம் மாவட்டம் மறக்கவில்லை. ஆயுதம் கையில் இருந்தால் அச்சமில்லை என்று அந்நாள்களில் என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. சரியாகச் சுமக்கப்படாத ஆயுதமே ஓர் ஆபத்து என்பதுதான் அவர்களுக்கு நான் சொன்ன பதில். 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது. சுட்டது எதிரி அல்ல. உரிமம் பெற்ற அவரது சொந்த ரிவால்வரே.

உறை என்பது உரிமையாளரின் விருப்பம் சார்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த, உடலோடு இணைக்கப்பட்ட உறையிலோ, தோள்பை போன்றதொன்றிலோதான் கொண்டுசெல்ல வேண்டும். அது முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். சுமப்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். இடுப்பில் பிடி வெளியே தெரியச் செருகிக்கொண்டு நடப்பது வீரமன்று, விதிமீறல்.

அப்படியானால் நல்ல உறையை எப்படித் தேர்வது? முதலில் பார்க்க வேண்டியது விசை. உறைக்குள் ரிவால்வர் அமர்ந்தபின், விசையும் அதன் காப்பு வளையமும் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். விரலோ, சாவிக்கொத்தோ, சட்டைத் துணியோ உள்ளே நுழைய வழி இருக்கக் கூடாது.

இரண்டாவது, பிடிமானம். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்கள் அனைத்தையும் நீக்கி, நீக்கியதை இருமுறை சரிபார்த்து, உறையிலிட்டு, மெத்தையின் மேல் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். நழுவினால் அந்த உறை உதவாது. வடசேரி பேருந்து நிலைய நெரிசலில் நிற்கும்போது பின்னாலிருப்பவர் எளிதில் உருவ முடியாதபடி, பிடியின் மேல் அழுத்துப் பொத்தானுடன் கூடிய வார் ஒன்றும் வேண்டும். எல்லா மாதிரிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தளர்ந்த துணி உறைகள் எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

மூன்றாவது, எடை. கான்பூரில் தயாராகும் 'நிர்பீக்' ரிவால்வர் ஏறத்தாழ 500 கிராம். 2023-இல் அறிமுகமான 'பிரபல்' தோட்டாக்கள் இன்றி 700 கிராம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் சுமந்த வெப்லி மார்க் 6 போன்ற பெரிய ரிவால்வரோ ஒரு கிலோவுக்கும் அதிகம். இத்தகைய எடையை மெல்லிய இடைவார் தாங்காது; உறை சாயும், துப்பாக்கி வெளிநோக்கித் துருத்தும். அகலமும் விறைப்பும் கொண்ட வார் தேவை. நீண்ட குழல் உள்ளவற்றுக்குத் தோளில் மாட்டும் உறை ஏற்றது. 1858-இல் போரில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற அதிகாரி, இடுப்பின் சுமையைத் தோளுக்குப் பகிரும் குறுக்குவாரை வடிவமைத்ததும் இந்தத் தேவையால்தான். காவல் அதிகாரிகளின் சீருடையில் இன்றும் அவர் பெயரால் அந்த வார் இருக்கிறது.

நம் ஊரில் வேட்டி கட்டுவோர்க்கு இது இன்னும் முக்கியம். வேட்டி மடிப்பு பணத்தைத் தாங்கும், துப்பாக்கியைத் தாங்காது. பணம் வைக்கும் பச்சை பெல்ட்டின் பையும் துப்பாக்கிக்கு உரியதன்று. அது விசையை மறைக்காது, குனிந்தால் மடங்கும். வேட்டி கட்டுவோர் தோளுறையை அணிந்து, மேலே தளர்ந்த சட்டை போடுவதே நன்று.

நான்காவது, நம் தட்பவெப்பம். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலுறையில் நாள்கணக்கில் கிடக்கும் துப்பாக்கி, உறையைத் தொடும் இடங்களில் துருப்பிடிக்கும். ஆகவே தோலுறை சுமப்பதற்கு மட்டுமே. வீடு திரும்பியதும் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, தோட்டாக்களைத் தனியே பிரித்துப் பூட்டி வைக்க வேண்டும். மழையில் அதிகம் அலைவோருக்கு அச்சில் வார்த்த கெட்டியான நெகிழி உறை பொருத்தம்.

இன்னொன்று. பழைய ரிவால்வர்கள் சிலவற்றில், சுத்தியல் தோட்டாவின் மேல் நேரடியாகப் படிந்திருக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம். புதியவற்றில் இதைத் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது. பாட்டனார் வழிவந்த துப்பாக்கி வைத்திருப்போர், சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவதே பாதுகாப்பு. எவ்வளவு நல்ல உறையும் இந்த எச்சரிக்கைக்கு மாற்றாகாது.

2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். புதுப்பிக்கும்போது துப்பாக்கியோடு உறையையும் கொண்டுவரச் சொல்லி, அது விசையை மறைக்கிறதா, துப்பாக்கியை இறுகப் பிடிக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை அது. கூடுதல் செலவு எதுவுமில்லை.

நண்பர் இப்போது அளவெடுத்துத் தைத்த தோளுறை அணிகிறார். அதைவிட எனக்கு நிறைவளித்தது அவர் செய்த வேறொன்று: கூலியைத் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் செலுத்தத் தொடங்கியிருக்கிறார். துப்பாக்கியைச் சுமந்து செல்ல வேண்டிய நாள்களே அவருக்குக் குறைந்துவிட்டன. எந்த உறை வாங்கலாம் என்று கேட்டு வருவோரிடம், இன்று இதைச் சுமக்கத்தான் வேண்டுமா என்று நான் முதலில் கேட்பது அதனால்தான்.