சொன்னபடி ஆடும் வண்ண விளக்குகள்: வீட்டிலேயே ‘ஸ்மார்ட்’ சீரியல் செட் அமைப்பது எப்படி?

தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று வரிசையாகப் பண்டிகைகள் வரும் மாதங்களில் தெருவெங்கும் சீரியல் செட் மின்னும். கடையில் வாங்கும் செட் அதற்குத் தெரிந்த சில விதங்களில் மட்டுமே எரியும். ‘நம்ம வீட்டு லைட் மட்டும் நாம சொல்றபடி ஆடினா எப்படி இருக்கும்?’ என்று யோசிப்பவர்களுக்கு வழி இருக்கிறது. கொஞ்சம் ஒயர் வேலை தெரிந்தால், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இந்த ஆசை புதிதல்ல. 1882-ல் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் உள்ள தன் வீட்டில் 80 மின்விளக்குகளை மாட்டி, சுழலும் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை வைத்தார்.

என்னென்ன தேவை?

முதலில், ‘டபிள்யூஎஸ்2812பி’ வகை எல்இடி பட்டை. அடுத்து, வைஃபை வசதியுள்ள ‘இஎஸ்பி32’ என்ற சின்ன போர்டு. மூன்றாவது, 5 வோல்ட் அடாப்டர். போர்டில் ‘டபிள்யூஎல்இடி’ என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். யூஎஸ்பி கேபிளில் போர்டைக் கணினியுடன் இணைத்து, பிரவுசர் வழியாகவே ஏற்றிவிடலாம். அதன்பிறகு எல்லாம் செல்போனில்தான்: நிறம், வேகம், மாலை 6 மணிக்கு எரிவது, இரவு 11 மணிக்கு அணைவது. வீட்டு வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

பட்டையில் மூன்று ஒயர்கள். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று தகவலுக்கு. பந்தியில் முதல் ஆள் தன் பங்கை எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவரிடம் நகர்த்துவதுபோல, ஒவ்வொரு எல்இடியும் தனக்கான நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். அதனால்தான் நடுவில் ஒன்று பழுதானால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுபோகும். பட்டையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில்தான் தகவல் போகும். மாற்றி இணைத்தால் எரியாது. போர்டுக்கும் பட்டைக்கும் ‘கிரவுண்ட்’ ஒயர் பொதுவாக இருக்க வேண்டும்.

‘5 வோல்ட்தானே, என்ன ஆகிடப் போகுது?’

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 5 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஒயரைச் சுடவைக்கும். முழு வெள்ளை வெளிச்சத்தில் ஓர் எல்இடி சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 100 எல்இடிக்கு 6 ஆம்பியர், அதாவது 30 வாட். பழைய செல்போன் சார்ஜர் இதைத் தாங்காது. 10 ஆம்பியர் தரமான அடாப்டரும், கனமான ஒயரும், நடுவில் 7.5 ஆம்பியர் ஃபியூஸும் போடுவது நல்லது. வாகன உதிரிபாகக் கடைகளிலேயே அந்த ஃபியூஸ் கிடைக்கும்.

பட்டையின் கடைசிப் பகுதி வெள்ளைக்குப் பதில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், அங்கே மின்னழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். கடைசி முனைக்கும் அடாப்டரிலிருந்து தனியாக 5 வோல்ட், கிரவுண்ட் ஒயர்களை இழுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். மென்பொருளில் மின்னோட்ட வரம்பையும் அமைத்துவிடுங்கள். எவ்வளவு வெளிச்சம் கேட்டாலும் அந்த அளவுக்குள் அதுவே குறைத்துக்கொள்ளும்.

கரன்ட் பில்? 100 எல்இடி முழு வெளிச்சத்தில் தினமும் 5 மணி நேரம் எரிந்தால்கூட, மாதத்துக்குச் சுமார் 4.5 யூனிட்தான்.

மழையில் என்ன செய்வது?

தமிழகத்தில் இந்தப் பண்டிகைகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடுதான் வருகின்றன. எனவே 230 வோல்ட் செல்லும் எதுவும் வெளியே போகக் கூடாது. அடாப்டரும் போர்டும் ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கட்டும். 5 வோல்ட் ஒயர் மட்டும் வெளியே போகட்டும். அது ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் வெளிப்பக்கமாகச் சற்றுத் தொங்கும்படி விட்டால், மழைநீர் ஒயர் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். மழை நேரடியாக அடிக்கும் இடம் என்றால் ஐபி67 தரமுள்ள பட்டை வாங்குங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் சிலிக்கான் பூசுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது.

மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றாலோ, ஆர்சிசிபியே இல்லை என்றாலோ, விளக்கு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் வீட்டுக்குள் தரையில் பரப்பி, இரண்டு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத அளவு சுட்டால், எங்கோ ஒயர் மெல்லியதாக இருக்கிறது, அல்லது அடாப்டர் போதவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு வாசலில் மாட்டுங்கள்.