பந்தயப் பாதையும் ஓடுபாதையும்

பொருட்காட்சிச் சாலை என்றதும் நம்மில் பலருக்குக் கற்சிலைகளும் செப்பேடுகளும் பழங்காசுகளுமே நினைவுக்கு வரும். யந்திரங்களுக்கும் சரித்திரம் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் ஸர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த வேபிரிட்ஜ் என்னும் ஊரருகே ப்ரூக்லண்ட்ஸ் என்றொரு பொருட்காட்சிச் சாலை இருக்கிறது. அங்கே விமானங்களும் பந்தய மோட்டார்களும் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டுள்ளன. வானில் பறப்பதற்கும் தரையில் ஓடுவதற்கும் என்ன உறவு? அதைத்தான் நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

1903ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் சாலைகளில் மோட்டார்கள் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடலாகாது. ஆகவே வேகத்தைச் சோதித்துப் பார்க்கத் தனியிடம் தேவைப்பட்டது. ஹியூ லாக் கிங் என்னும் செல்வர் தம் சொந்த நிலத்தில், தம் செலவிலேயே, கான்கிரீட்டால் ஒரு பாதை அமைத்தார். மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே உலகில் முதன்முதல் கட்டப்பட்ட அந்தப் பாதை 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2¾ மைல். அகலம் 100 அடி. வளைவுகளில் வெளிப்புற விளிம்பு ஏறத்தாழ 30 அடி உயரத்திற்கு எழும்பி நின்றது.

இவ்வளவு உயரம் எதற்காக? மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஜீப்பில் ஏறியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வண்டி இடப்புறம் திரும்பும்போது நம் உடல் வலப்புறம் சாய்கிறது. ஓடும் பொருள் எதுவும் நேராகச் செல்லவே முயலும். அதைத் திருப்ப வேண்டுமானால் உட்புறம் நோக்கிய விசை ஒன்று வேண்டும். சமதளப் பாதையில் அவ்விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு ஒன்றே. வேகம் இருமடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. உராய்வு அதற்குப் போதாமற் போனால் வண்டி வெளியே சறுக்கிவிடும். பாதையைச் சாய்த்துக் கட்டினாலோ, வண்டியைத் தாங்கும் தரையே அதை உட்புறமாகவும் தள்ளுகிறது.

இனி நம் பள்ளத்தாக்கின்மேல் வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். திரும்பும்போது அது ஒரு சிறகைத் தாழ்த்தி, மற்றொன்றை உயர்த்துகிறது. விமானமும் அவ்வாறே செய்கிறது. சிறகுகள் சாயும்போது அவற்றைத் தூக்கும் விசையும் சாய்ந்து, ஒரு பகுதி உட்புறமாக இழுக்கிறது. பந்தயப் பாதையின் சாய்வும் பருந்தின் சாய்வும் ஒரே இயற்கை விதிக்கு உட்பட்டவை.

இரண்டாவது உறவு எஞ்ஜினைப் பற்றியது. எடை குறைவாகவும் சக்தி மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான தேவை. ப்ரூக்லண்ட்ஸில் இன்று காணக் கிடைக்கும் நேப்பியர்-ரெயில்டன் என்ற பந்தய வண்டி இதற்குத் தக்க சான்று. அதில் பொருத்தப்பட்டிருப்பது 24 லிட்டர் கொள்ளளவுள்ள விமான எஞ்ஜின். 1935இல் ஜான் காப் அதில் ஒரு சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஓட்டினார். அப்பாதையில் அந்த வேகத்தை வேறெவரும் எட்டவில்லை.

அகன்ற வெளியும் யந்திரம் அறிந்த தொழிலாளரும் இருந்தமையால் விமானிகளும் அங்கே வந்து சேர்ந்தனர். ஏ.வி. ரோ தம் முதற் சோதனைகளை அங்கே நடத்தினார். 1911இல் விமானம் ஓட்ட உரிமம் பெற்ற முதல் ஆங்கிலப் பெண்மணியான ஹில்டா ஹியூலெட் அங்கே பயிற்சிப் பள்ளி நடத்தினார். பின்னர் பர்மா எல்லையில் நம் இந்திய விமானிகளும் ஓட்டிய ஹரிக்கேன் போர் விமானம் 1935இல் முதன்முதல் பறந்ததும் அங்கேதான்.

வேகத்திற்குக் கொடுத்த விலையையும் மறத்தல் தகாது. ஒரு மணி நேரத்தில் 100 மைலைக் கடந்த முதல் மனிதரான பெர்ஸி லாம்பர்ட் அதே 1913ஆம் ஆண்டில், அதே பாதையில், டயர் வெடித்து உயிரிழந்தார். 1939இல் யுத்தம் மூண்டதும் பந்தயங்கள் நின்றன; 1940 செப்டம்பரில் அங்கிருந்த விமானத் தொழிற்சாலைமீது குண்டு விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யுத்தத்திற்குப் பின் பந்தயம் திரும்பவே இல்லை. சிதைந்து போன பாதையில் எஞ்சிய பகுதியையேனும் காப்பாற்ற வேண்டும் என்று பலர் முயன்றதன் பயனே 1991இல் முறைப்படி திறக்கப்பட்ட இப்பொருட்காட்சிச் சாலை.

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தக் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அதன் ஓடுபாதையிலேதான் 1950களிலிருந்து பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. பெருந்திரளான மக்கள் கண்டு களித்தனர். ஓடுபாதை சமதளமானது, அங்கே வளைவில் வண்டியைக் காத்தது உராய்வும் ஓட்டுபவரின் திறமையுமே. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை தோன்றியது.

காந்தலூரிலிருந்து சின்னாறு வழியே உடுமலைக்கு இறங்கி, கோயம்புத்தூருக்குச் செல்வோர் அவினாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் பொருட்காட்சிச் சாலையைக் காணலாம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரால் அது விளங்குகிறது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே.

அங்கே செல்லும்போது வண்டியின் பளபளப்பை மட்டும் கண்டு திரும்பலாகாது. எஞ்ஜின் எங்கே இருக்கிறது, சக்தி சக்கரத்திற்கு எவ்வாறு செல்கிறது, பிரேக் எத்தனை சக்கரங்களைப் பிடிக்கிறது என்று குழந்தைகளைக் கேட்கத் தூண்ட வேண்டும். பழைய வண்டியையும் புதிய வண்டியையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின்னால் ஓர் இடையூறு இருந்தது புலப்படும்.

இரும்பு துருப்பிடிப்பதற்கு முன்பே மனித நினைவு மங்கிவிடுகிறது. சோழவரத்தில் வண்டிகளைச் செப்பனிட்ட தொழிலாளரும், நம் மலைப்பாதைகளில் முதல் ஜீப்புகளை ஓட்டியவரும் அறிந்திருந்தவை பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. அவர்களில் இன்னும் நம்மிடையே உள்ளவர்களைத் தேடிச் சென்று, கேட்டு எழுதி வைப்போமானால், நாளை அமையும் பொருட்காட்சிச் சாலைக்கு நாமும் ஒரு பொருள் அளித்தவராவோம்.