கட்டாய மருத்துவ இன்ஷூரன்ஸும் அமெரிக்க மக்களின் வாக்கும்

சங்கத்தில் சேருவது அவரவர் விருப்பம் என்பது கூட்டுறவின் முதற் கோட்பாடு. ஆயினும், பலர் சேர்ந்தாலொழிய நடவாத காரியங்களும் உண்டு. அத்தகைய காரியத்தில் கட்டாயம் தகுமா என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்களின் வாக்கெடுப்பு வரை சென்றது. அவ்வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

அந்நாட்டில் 2010 மார்ச் 23-இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டத்தின்படி, நோயாளி என்று கூறி எவரையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விலக்கலாகாது. நோயைக் காட்டிப் பிரீமியத்தை உயர்த்தவும் ஆகாது. இவ்விரண்டோடு, 2014 முதல் பெரும்பாலோர் மருத்துவ இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் அபராதம் செலுத்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

கட்டாயம் எதற்கு? ஒரு நோயுதவி நிதியில் நூறு பேர் உள்ளனர். ஆண்டுச் செலவு 10,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆளுக்கு 100 ரூபாய் ஆகிறது. நோய் வந்தபின் சேர்ந்துகொள்ளலாம் என்று நலமுள்ள ஐம்பதின்மர் விலகினால், செலவு குறையாது. எஞ்சியோர் ஆளுக்கு 200 ரூபாய் தர நேரும். அவருள்ளும் நலமுள்ளோர் விலகுவர். நிதி நோயாளிகளின் தலையிலேயே விழும்.

எதிர்த்தோர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தன் வைத்தியச் செலவைத் தானே ஏற்க விரும்பும் குடிமகனை, ஒரு பொருளை விலைக்கு வாங்கு என்று சர்க்கார் வற்புறுத்தலாமா என்று அவர்கள் கேட்டனர்.

இக்கேள்வி ராஜ்யங்கள்தோறும் வாக்காளரிடம் வைக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் மிசௌரியில் நூற்றுக்கு 71 பேர் கட்டாயத்தை எதிர்த்து வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பரில் அரிசோனாவும் ஓக்லஹோமாவும் அவ்வழியே சென்றன; கொலராடோ மறுத்தது. 2011-இல் ஒகையோவும், 2012-இல் அலபாமா, வயோமிங், மான்டானா ஆகியனவும் எதிர்ப்புத் தீர்மானத்தை ஏற்றன. புளோரிடாவில் அரசியல் சட்டத் திருத்தத்திற்கு நூற்றுக்கு 60 வாக்குகள் தேவை, தீர்மானம் தோற்றது.

வென்ற இடங்களிலும் மத்தியச் சட்டத்தை அவ்வாக்குகள் தடுக்கவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி, முரண்பாடு நேருங்கால் மத்தியச் சட்டமே மேலோங்கும். நம் மகாசபைத் தீர்மானம் கூட்டுறவுச் சட்டத்தை மீற இயலாதது போன்றதே இது. 2012 ஜூன் 28-இல் சுப்ரீம் கோர்ட்டும் ஐந்துக்கு நான்கு என்ற அளவில், அபராதத்தை ஒரு வரியாகக் கருதிச் செல்லத்தக்கது என்றது. ராஜ்ய சர்க்கார் தானாக இத்தகைய கட்டாயம் விதிப்பதற்கு மட்டும் அத்தீர்மானங்கள் தடையாயின.

முடிவில் அபராதத்தை நீக்கியது சட்டம் இயற்றிய காங்கிரஸ் சபையே. 2017-இல் இயற்றிய வரிச் சட்டத்தால் 2019 முதல் அது பூஜ்யமாயிற்று. அதன்பின் நியூ ஜெர்சி, கலிபோர்னியா முதலிய சில ராஜ்யங்கள் தாமே கட்டாயம் விதித்துக்கொண்டன. ஏனைய இடங்களிலும் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு குலைந்துவிடவில்லை. வருமானத்திற்கேற்ற சர்க்கார் உதவி பலரை அதில் நிலைக்கச் செய்தது.

நாம் கொள்ளத்தக்கது இது: கட்டாயத்தை வாக்கால் மறுக்கலாம், செலவை வாக்கால் மறுக்க இயலாது. ஆகவே, பொது நிதி பற்றிய தீர்மானத்திற்குக் கை உயர்த்துமுன், அதை நிறைவேற்ற நமக்கு அதிகாரம் உண்டா, விலகுவோரின் பங்கை எவர் சுமப்பார் என்னும் இரண்டையும் வினவுவோமாக. நலமாயிருக்கும் காலத்திலேயே மனமுவந்து சந்தா செலுத்தும் அங்கத்தினர் நிறைந்த சங்கத்தில் கட்டாயத்திற்கு வேலை குறைவு.