வீட்டு வண்டி வாங்குவதற்கு முன்

நம் பாட்டனார் காலத்தில், குடும்பத்தோடு திருவிழாவுக்குப் புறப்படுவோர் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, முதியவர்களையும் குழந்தைகளையும் அமர்த்துவார்கள். கட்டுச்சோறும் தண்ணீர்ச் செம்பும் உடன் வரும். இரவானால் சாலையோரத் தோப்பில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்குள்ளும் வண்டிக்கு அடியிலுமாகப் படுத்து உறங்குவார்கள். ஆனால், புறப்படுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வார். சக்கரத்தின் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். அச்சைத் தட்டிப் பார்ப்பார். ஜமக்காளம் புதியதா, பழையதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழும்.

அந்தக் கூண்டு வண்டியின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஊர்தி ஒன்று இன்று நம்மவர் சிலருடைய ஆசைக்கு இலக்காகியிருக்கிறது. படுக்கை, சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் ஆகியவற்றை உள்ளே கொண்ட மோட்டார் வண்டி அது. கேம்பர் வேன் என்றும் கேரவன் என்றும் அதனை அழைக்கிறார்கள். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிறுத்தப்படும் கேரவனைக் கண்டவர்கள் பலர் உண்டு. சொந்தமாக ஒன்றை வாங்கி ஓட்டிப் பழகியவர்களோ மிகச் சிலர். ஆகவே, முதன்முறையாக வாங்க எண்ணுவோருக்குச் சில செய்திகளைச் சொல்வது பயனுடையது.

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து, பின்னர் நெருளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு இத்தகைய வண்டி வாங்கத் துணிந்தார். திருநெல்வேலிச் சீமையில் தனியே வாழும் எண்பது வயதுத் தாயாரை நெருளுக்கு அழைத்து வரவேண்டும். ரயிலில் ஏறி இறங்கவும், இரவு முழுவதும் பெட்டியில் கழிக்கவும் அவரால் இயலாது. 'அம்மா படுத்துக்கொண்டே வரலாமே' என்பது நண்பரின் எண்ணம். வண்டி பார்க்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்தார்.

நாங்கள் முதலில் கண்டது பழைய வேனை மாற்றி அமைத்த வண்டி. உள்ளே நுழைந்ததும் தேக்கு நிறப் பலகை, நீல விளக்கு, பட்டுத் திரை, தொலைக்காட்சி எல்லாம் கண்ணைக் கவர்ந்தன. நண்பர் அங்கேயே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார். உடன் வந்த மெக்கானிக் மட்டும் ஒன்றும் பேசாமல் தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். கீழே இருந்த தகடு துருவேறி, திருப்புளியின் முனை பட்டதும் பொத்தலாகிவிட்டது. விற்பவர் அந்தத் தகட்டை மாற்றித் தருவதாகச் சொன்னார். நாங்கள் நன்றி கூறி வெளியே வந்தோம்.

வீட்டு வண்டி முதலில் நல்ல வண்டியாக இருக்க வேண்டும். வீடாக இருப்பது அதற்கு அடுத்தது. அலங்காரத்தைப் பிறகும் செய்துகொள்ளலாம். உளுத்த சட்டத்தையும் தளர்ந்த பிரேக்கையும் அலங்காரத்தால் திருத்த முடியாது.

நம் நாட்டில் பெரும்பாலான வீட்டு வண்டிகள் வேறொரு வேனின்மீது கட்டப்படுபவையே. ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் ஆகிய இரண்டும் இதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. டெம்போ என்ற சொல்லை நம் தெருக்களுக்குத் தந்த பஜாஜ் டெம்போ நிறுவனம் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. இத்தகைய பரவலான வண்டிகளைத் தேர்வதில் ஒரு நன்மை உண்டு. ஹூப்ளியிலோ சித்ரதுர்காவிலோ நடுவழியில் பழுது நேர்ந்தால், உதிரி உறுப்பும் அதனைப் பொருத்தத் தெரிந்த கைகளும் கிடைக்கும். அரிய வெளிநாட்டு வண்டி எவ்வளவு அழகாயினும், உறுப்பு வரும்வரை அது சாலையோரத்தில் நிற்கவேண்டியதே.

இனி ஆராயும் முறையைக் கூறுவோம். நெருள் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையும் இரும்பை விரைவாக அரிக்கின்றன. ஆதலால் பழைய வண்டியை வாங்குவோர் அதனை மேலே தூக்கவைத்து அடிப்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சட்டம், சக்கர வளைவு, கதவுப்படி, சன்னல் மூலை ஆகிய இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டினால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய தகடு மந்தமாக ஒலிக்கும். அடிப்புறத்தில் அண்மையில் பூசிய கறுப்புச் சாயம் இருந்தால், அது எதனை மறைக்கிறது என்று கேட்கவேண்டும். பின்னர்க் கூரையின்மீது பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி, உள்ளே ஒழுகுகிறதா என்று நோக்கவேண்டும். காற்றுப்போக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் கூரையை வெட்டிய இடங்களே பெரும்பாலும் ஒழுகுமிடங்கள்.

மரவேலையிலும் தரம் உண்டு. ஈரத்தைத் தாங்கும் கடற்பணி ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரநிலை உள்ளது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரம் பட்டால் ஊதிப்போகும். அன்றியும், அலமாரியும் சமையல் மேடையும் வண்டியின் சட்டத்தோடு போல்ட்டு முடுக்கிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பலகையில் வெறும் திருகாணி கொண்டு நிறுத்திய அலமாரி, திடீரென்று பிரேக் போடும்போது உள்ளிருப்போர்மீது வந்து விழும்.

அடுத்தது எடை. மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற உண்மையை நமக்கு வள்ளுவர் உணர்த்தியிருக்கிறார். ஆர்.சி. புத்தகம் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றில், வண்டியின் வெற்று எடையும், சுமையோடு கூடிய உச்ச எடையும் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, உச்ச எடை 3,500 கிலோ என்றும், கட்டில் அலமாரி முதலியவை பொருத்திய பின் வண்டி மட்டும் 3,200 கிலோ என்றும் கொள்வோம். எஞ்சுவது 300 கிலோ. நான்கு பேர் ஏறினால் அதில் 260 கிலோ தீர்ந்துவிடும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடையாகும். பெட்டியும் பாத்திரமும் இன்னும் ஏற்றவில்லை. ஆகவே, விற்பவர் சொல்லும் கணக்கை நம்பாமல், வண்டியை எடை மேடைக்கு ஓட்டிச் சென்று நிறுத்துப் பார்த்தல் நலம்.

எடை மிகுந்தால் முதலில் வருந்துவது பிரேக். நெருளிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். வழியில் லோணாவாலா மலைச்சரிவு, சாதாராவுக்கு முன் கம்பாட்கி மலைச்சரிவு, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் ஆகியவை உள்ளன. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் நேர்ந்த விபத்துகள் பல. பாரம் மிகுந்த வண்டியை இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டினால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ் கியரில் மெல்ல இறங்குவதே முறை. வாங்குமுன் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. மேடு பள்ளமுள்ள சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டுதல் வேண்டும். டயரையும் பார்க்கவேண்டும். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2322 என்றிருந்தால், 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். நெடுநாள் நின்ற வண்டியின் டயர், தேயாமலே கெட்டிருக்கக்கூடும்.

என் நண்பர் முதலில் எண்ணிப் பார்க்காத செய்தி ஒன்று இனி வருகிறது. வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுத்திருத்தல் ஆகாது. பிரேக் போட்டால் படுத்திருப்பவரைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. கட்டில் என்பது வண்டி நின்றபின் பயன்படுவது. பயணத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னோக்கிய இருக்கையும், தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வாரும் வேண்டும். சோபாபோல் பக்கவாட்டில் அமைத்த இருக்கை ஓடும் வண்டிக்கு உரியதன்று. ஆகவே, எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் வார் பூட்டி அமரலாம் என்று கேளுங்கள். முதியவர் ஏறுவதற்குப் படியின் உயரமும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டா என்பதையும் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி, கணக்குப்படி 2,400 வாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். சாதாரண ஈயப் பேட்டரியாயின் அதில் பாதியைத்தான் பழுதின்றிப் பயன்படுத்தலாம். விசிறி, விளக்கு, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு ஓரிரவு அது போதும். ஒரு டன் குளிர்சாதனமோ ஏறத்தாழ ஆயிரம் வாட் இழுக்கும்; சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் என்று ஒருவர் உறுதி கூறினால், எத்தனை வாட்-மணியைக் கொண்டு என்று கேட்டு, விடையைத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது எரிவாயு. 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது யாத்திரிகர்கள் உயிரிழந்தார்கள். விதிக்கு மாறாகப் பெட்டிக்குள் சிலிண்டரைக் கொண்டுவந்து சமைக்க முற்பட்டதே காரணம். அடைபட்ட சிறு அறையில் தீப்பற்றினால் என்ன நேரும் என்பதற்கு அதனினும் கொடிய பாடம் வேண்டியதில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆதலால் சிலிண்டர் வைக்கும் அறை, வண்டியின் உட்புறத்தோடு தொடர்பின்றி, வெளியிலிருந்து திறப்பதாய், அடியில் காற்றுத் துவாரம் உடையதாய் இருக்கவேண்டும். தீயணைப்பானும், அவசரத்தில் வெளியேற இரண்டாவது வழியும் இல்லாத வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவேண்டாம். வண்டியை நிறுத்தி வெளியே சமைப்பதே எந்நாளும் உத்தமம்.

ஆவணங்கள் வண்டியைப் போலவே உறுதியாய் இருத்தல் வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அரசின் வாகனப் பட்டியலில் தனி வகை. வாடகைக்குரியது வேறு வகை. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்னும் பாதுகாப்புத் தரநிலை உள்ளது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனங்கள் சோதித்து ஒப்புதல் அளிக்கின்றன. அவ்வாறு ஒப்புதல் பெற்று வண்டி கட்டுவோரிடம் வாங்குவது ஒன்று. பட்டறையில் கண்டபடி மாற்றிய வண்டியை வாங்குவது வேறு. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேன் என்று பதிவாகி, உள்ளே வீடாக மாறியிருக்கும் வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் கைக்கு எட்டாமற் போகலாம். உச்ச எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாயின் இலகு ரக வாகன உரிமம் போதுமானது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு குறிப்பும் உண்டு. எம்.எச். 43 என்று நவி மும்பையில் பதிவு செய்த வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு இங்கிருந்து தடையின்மைச் சான்று பெறவேண்டும். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணுவோர் இந்தச் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

இறுதியாக, வாங்குமுன் வாடகைக்கு எடுத்து நான்கு நாள் வாழ்ந்து பாருங்கள். 2021ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கைகள் வகுத்தன. வாடகை வண்டிகளும் கிடைக்கின்றன. என் நண்பர் அவ்வாறே ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவியோடு கணபதிபுலே வரை போய் வந்தார். கழிவுத் தொட்டியைத் தம் கையாலேயே கழுவவேண்டும் என்பதையும், நெருளின் குடியிருப்பில் அத்தனை நீள வண்டியை நிறுத்த இடமில்லை என்பதையும் அந்த நான்கு நாட்களில் கற்றுக்கொண்டார். பிறகு அவர் வாங்கியது, முதலில் மயங்கியதைவிடச் சிறிய வண்டி. தொலைக்காட்சி இல்லை, பட்டுத் திரையும் இல்லை. தாழ்ந்த படியும், சாய்ந்து அமரும் இருக்கையும், உறுதியான வாரும் இருந்தன.

சென்ற தை மாதத்தில் தாயாரை அழைத்து வந்தார். நாளொன்றுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் என்று ஆறு நாள் பயணம். பகலில் அந்த அம்மையார் வார் பூட்டிய இருக்கையில் அமர்ந்து வந்தார். இரவில் வண்டி நின்றபின் கட்டிலில் உறங்கினார். நெருளில் இறங்கியதும் அவர் சொன்னது, 'கூண்டு வண்டியைவிடக் குலுக்கல் குறைச்சல்தான்' என்பதே. புறப்படுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவரிடமிருந்து வந்த சான்றிதழ் அது.