'சஸ்பெண்ட்' என்றால் வேலை போய்விட்டதா?

"அவனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்று சொன்னால் போதும். "ஐயோ, வேலை போச்சா?" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் கிடையாது.

தொங்கும் சொல்

'சஸ்பெண்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தாய்வீடு லத்தீன் மொழி. அங்கே 'பெண்டரே' என்றால் தொங்கவிடுதல். கடிகாரத்தில் ஆடும் பெண்டுலமும், மேஜையில் முடியாமல் கிடக்கும் 'பெண்டிங்' பைலும் இதன் உறவுகள்தான்.

பென்ஷனும் அதே குடும்பம்! ரோமானியர்கள் அந்தக் காலத்தில் உலோகத்தைத் தராசில் தொங்கவிட்டு, நிறுத்துப் பணம் கொடுத்தார்கள். அதனால் 'பெண்டரே' என்பதற்கு 'பணம் கொடு' என்ற பொருளும் வந்தது.

கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை அங்கே போட்டு வைப்பார்கள். விவரம் கிடைத்ததும் உரிய கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளத்தால் ரெயில் போக்குவரத்து 'சஸ்பெண்ட்' என்றால், தண்ணீர் வடிந்து பாதை சரியானதும் ரெயில் ஓடும்.

ஆக, சஸ்பெண்ட் என்பது தற்காலிக நிறுத்தம். முடிவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 'டிஸ்மிஸ்' வேறு. அதுவும் லத்தீன் சொல்தான். 'அனுப்பிவிடு' என்று பொருள்.

பாதிச் சம்பளம்

இந்த வித்தியாசம் வயிற்றுப்பாட்டைத் தொடுகிறது. விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்யப்பட்டவர் இன்னும் அந்த நிறுவனத்தின் தொழிலாளிதான். அவருக்குப் பிழைப்புப் படி உண்டு. முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம். அதன் பிறகும் விசாரணை முடியாமல், தாமதத்துக்கு அவர் காரணமாகவும் இல்லாவிட்டால் 75 சதவீதம். தொழிற்சாலை நிலையாணைச் சட்டத்தில் 1982-ம் ஆண்டு இந்த விதி சேர்க்கப்பட்டது. 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதே கணக்கைத்தான் சொல்கிறது.

சொல்லின் அர்த்தம் தெரியாமல் பயந்துபோய், "நானே ராஜினாமா செய்துவிடுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் இந்த உரிமையும் கைவிட்டுப் போகும். மொழி தெரியாத ஊரில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விவரம் அறிந்தவரிடம் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகு பதில் எழுதுங்கள்.