‘சோறாக்கப் படிக்கவா காலேஜ்?’ - கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கு கேட்டரிங் படிப்பும் வீட்டு அடுப்பும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு வீட்டில், “கேட்டரிங் படிக்கப் போறேன்” என்கிறான் பையன். அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சோறாக்கப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜாய்யா?” அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு பீஸ் கவலை. அதே வீட்டில் மகள் இதைச் சொன்னால் கேள்வி வேறு மாதிரி வரும்: “அதைத்தான் வீட்லயே செய்யுறியே, அதுக்கு எதுக்கும்மா பணம் கட்டணும்?”

இந்தக் கேள்விகளில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் சமைப்பதும் தொழிலாகச் சமைப்பதும் எங்கே பிரிகின்றன, எந்தப் படிப்பை நம்பிச் சேரலாம், சேர்ந்தபின் வீட்டு அடுப்பில் என்ன பழகலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பக்கத்து மாவட்டத்து உதாரணம்

தேனிக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் பக்கம் அரசம்பட்டி என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் செஃப் விஜய் குமார். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார்; குடும்பத்தின் பொருளாதாரம் இடம் கொடுக்கவில்லை. திருச்சியில் உள்ள அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் சேர்ந்தார். சென்னை தாஜ் கன்னிமாராவில் வேலை, பிறகு அமெரிக்கா. நியூயார்க்கில் 2021-ல் தொடங்கப்பட்ட ‘செம்ம’ உணவகத்தின் தலைமைச் சமையல் கலைஞரானார். அடுத்த ஆண்டே அந்த உணவகத்துக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என ஜேம்ஸ் பியர்டு விருதையும் பெற்றார். அந்த மேடைக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

கவனிக்க வேண்டியது விருதை அல்ல, மெனுவை. அந்த உணவகத்தில் பேர்போன பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். சிறு வயதில் வயல்காட்டில் பொறுக்கிச் சமைத்துச் சாப்பிட்டது. கல்லூரி அவருக்குத் தொழிலைக் கொடுத்தது. பதார்த்தம் வீட்டிலிருந்து வந்தது. எல்லோரும் நியூயார்க் போகப்போவதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் உருவாகிறார் என்பது போடி ஓட்டலுக்கும் பொருந்தும்.

என்னென்ன படிப்புகள் இருக்கின்றன?

‘கேட்டரிங்’ என்று பொதுவாகச் சொன்னாலும் வழிகள் பல.

* மூன்றாண்டு பி.எஸ்சி. (விருந்தோம்பல், ஓட்டல் நிர்வாகம்): மத்திய அரசின் தேசிய ஓட்டல் மேலாண்மைக் கவுன்சிலோடு இணைந்த கல்வி நிலையங்களில் உண்டு. தமிழகத்தில் சென்னை தரமணியில் மத்திய அரசு நிறுவனமும், திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனமும் இருக்கின்றன. பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்சிஹெச்எம் ஜேஇஇ நுழைவுத்தேர்வு இதற்கான முக்கிய வழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பகுதிக்கு முன்கூட்டியே தயாராவது நல்லது.

* ஒன்றரை ஆண்டுப் படிப்புகள்: பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உணவுத் தயாரிப்புப் பட்டயம், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உணவுத் தயாரிப்பு, பேக்கரி சேர்ந்த கைவினைச் சான்றிதழ் படிப்பு. நேராக அடுப்படிக்குப் போக நினைப்பவர்களுக்கு இவை ஏற்றவை.

* ஐடிஐ: ‘ஃபுட் புரொடக்‌ஷன் - ஜெனரல்’ என்ற ஓராண்டுப் பிரிவு. செலவு குறைவு, சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும்.

* தனியார் கல்லூரிகள், பயிற்சி மையங்கள்: மதுரை, தேனி வட்டாரத்தில் நிறையவே உண்டு. தரம் ஒரே மாதிரி இருக்காது. எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான்.

செலவுக்கு உதவி உண்டா? பட்டியலின, பழங்குடி மாணவர்கள் தரமணியில் படிக்க தாட்கோ அறிவிப்பு வெளியிட்டு, கட்டணத்தை ஏற்றுவந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கப்பட்டன. பட்டம், பட்டயம், ஐடிஐ படிப்போருக்கானவை இவை. அங்கீகாரம் இல்லாத மையத்தில் சேர்ந்துவிட்டு இந்த உதவித்தொகையை எதிர்பார்க்க முடியாது.

முதல் சில மாதங்களில் என்ன நடக்கும்?

பிரியாணி போடக் கற்றுத் தருவார்கள் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். முதலில் வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு. 3 மில்லிமீட்டர் தடிமனில் தீக்குச்சி போல் நறுக்கினால் ஜூலியன். அதையே குறுக்கே வெட்டிச் சின்னச் சதுரமாக்கினால் புருனுவா. எதற்கு இவ்வளவு அளவு? எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். ஒன்று குழைந்து ஒன்று நறுக்கென்று இருந்தால் அந்தத் தட்டு திரும்பி வந்துவிடும்.

பிறகு ஸ்டாக், பெஷாமல், வெலூட்டே போன்ற பிரெஞ்சு சாஸ்கள். பெயர்களைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. வெண்ணெயில் மாவை வறுத்துப் பாலை ஊற்றிக் கெட்டியாக்குவதுதான் பெஷாமல். மோர்க்குழம்பில் அரிசியையும் பருப்பையும் அரைத்துவிட்டுக் கெட்டியாக்குவதும் அதே மாவுச்சத்து வேலைதான். இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டால் பாடம் பாதி எளிது.

பாத்திரம் கழுவுவது, மேடை துடைப்பது, தொப்பியும் ஏப்ரனும் ஷூவும் சரியாகப் போடுவது எல்லாமே மதிப்பெண்ணில் சேரும். வீட்டில் தட்டு எடுத்துப் பழகாத பையன்கள் இங்கேதான் முதலில் திணறுகிறார்கள். அம்மாவுக்கு ஒத்தாசை செய்து வளர்ந்த பெண்கள் இந்தக் கட்டத்தைச் சுலபமாகத் தாண்டுவார்கள். “வீட்லயே செய்யுறியே” என்று குறையாகச் சொன்னதுதான் அவர்களின் முதல் தகுதி.

வீட்டு அடுப்பில் என்ன பழகலாம்?

கல்லூரியில் பிராக்டிகல் எல்லா நாளும் இருக்காது. இருபது பேருக்கு நடுவே நிற்கும்போது கைக்கு வேலை வருவதும் குறைவு. கை படிவதற்கு வீடுதான் இடம்.

முதலில் கத்தி. அரிவாள்மனையில் வெட்டி நிற்கும், காய் நகரும். பலகையில் காய் நிற்கும், கத்தி நகரும். பழக்கம் மாற நாளாகும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுச் சமையலுக்கான வெங்காயம் முழுவதையும் தானே நறுக்குவதாகப் பொறுப்பேற்றால் போதும்; தனியாகக் காய் வாங்கி வீணடிக்க வேண்டாம்.

இரண்டாவது தராசு. “கண் அளவு, கை அளவு” என்பார் அம்மா. அந்தக் கை அளவை கிராமாக மாற்றுவதுதான் படிப்பு. அம்மா உப்புப் போடும் முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி எடைபோட்டு எழுதிக்கொள்ளலாம். இப்படி ஒரு மொச்சைக் குழம்பை மூன்று முறை எழுதினால், அந்த வீட்டின் முதல் எழுதப்பட்ட செய்முறை தயார்.

மூன்றாவது கணக்கு. சின்ன வெங்காயம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உரித்தபின் 850 கிராம்தான் தேறுகிறது என்றால், உண்மையான விலை கிலோவுக்குச் சுமார் 71 ரூபாய். ஒரு தட்டுக்கான சாமான் செலவு 36 ரூபாய், விற்கும் விலை 120 என்றால் உணவுச் செலவு 30 சதவீதம். ஓட்டல்கள் பொதுவாக இதை 30, 35-க்குள் வைக்கப் பார்க்கும். மீதியில்தான் வாடகை, சம்பளம், கேஸ், லாபம் எல்லாம். நன்றாகச் சமைத்தும் கடையை மூடியவர்கள் பலர் கோட்டைவிட்டது இந்தக் கணக்கில்தான்.

நான்காவது பெருக்கல். நாலு பேருக்கான குழம்பை நூறு பேருக்கு ஆக்க எல்லாவற்றையும் 25-ஆல் பெருக்கினால் குழம்பு நீர்த்துப்போகும். பெரிய பாத்திரத்தில் அளவுக்கு ஏற்ற அளவு நீர் ஆவியாவதில்லை. காரமும் மசாலாவும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பார்க்க வேண்டும். ஊரில் கல்யாணச் சமையல் செய்யும் மாஸ்டரோடு ஒரு முகூர்த்த நாள் நின்றால் புத்தகத்தில் இல்லாதது புரியும்.

ஒரு விஷயம் வீட்டில் வராது: தீயின் வேகம். ஓட்டலின் உயர் அழுத்த பர்னருக்கும் வீட்டு அடுப்புக்கும் ஏக வித்தியாசம். ஃபிரைட் ரைஸை வீட்டில் மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் சோறு வியர்த்துக் குழையும். ஒரு தடவைக்கு ஒரு தட்டு அளவு மட்டும் போட வேண்டும்.

பள்ளத்தாக்கே பாடப்புத்தகம்

நகரத்து மாணவன் பாக்கெட்டில் பார்ப்பதை இங்கே செடியில் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோகம் விளையும் நெல் இங்கே உண்டு. புது அரிசி ஏன் குழைகிறது, பழைய அரிசி ஏன் அதிகத் தண்ணீர் இழுத்து உதிரியாக வருகிறது என்பதை இரண்டையும் ஒரே நாளில் வடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஏல வர்த்தகத்துக்குப் பெயர்போனது போடி. காயின் பருமனும் பச்சை நிறமும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மதிப்பு. ஆனால் வாசனை உள்ளே விதையில் இருக்கிறது, அந்த எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும். பொடித்து வைத்த ஏலக்காயையும் அப்போதே இடித்ததையும் இரண்டு டம்ளர் பாலில் போட்டு முகர்ந்தால் பாடம் முடிந்தது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டை உள்ள ரகம் என்பதால் கடைகளில் சிலர் ஒதுக்கினாலும், மணத்தில் இதற்கு ஈடு குறைவு. ஜாம், சிரப், சர்பத் என்று பழக இதைவிட மலிவான பொருள் கிடைக்காது. வைகை அணை மீன், பெரியகுளம் மாம்பழம், உழவர் சந்தைக் காய்கறி எல்லாம் இதே கணக்கில் வரும்.

வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கினால்?

14.2 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவைப்படும். மாணவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் வசதி. வெளிச்சந்தையில் சட்டவிரோதமாக நிரப்பித் தரும் சின்ன சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் சுகாதாரப் பாடம் ரூமிலும் செல்லும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி வேகமாகப் பெருகும் வெப்பம். காலையில் வடித்த சோற்றை அப்படியே மூடிவைத்து ராத்திரி சாப்பிடுவது ஆபத்து. சோற்றில் சில பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அது இல்லையென்றால் ஒரு வேளைக்கு மட்டும் வடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு வேறு. அங்கே லாக்டிக் அமிலம் காவல் நிற்கிறது.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

படிப்பு முடித்ததும் யாரும் செஃப் ஆவதில்லை. கமி என்ற கடைநிலையில் தொடங்கி, ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளராகி, பிறகே சூ ஷெஃப், தலைமை செஃப். ஆரம்பச் சம்பளம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்காது. இதைத் தெரிந்தே சேர்கிறவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

ஆகவே பீஸ் கட்டும் முன் கல்லூரியில் நேரில் கேளுங்கள்: சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது கவுன்சில்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல்? ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர்? தொழிற்பயிற்சிக்கு எந்த ஓட்டல், எத்தனை வாரம்? யூனிஃபார்ம், கத்தி செட், பயிற்சிப் பொருட்களுக்குத் தனிக் கட்டணமா? ‘சேர்ந்ததுமே வெளிநாட்டு வேலை உறுதி’ என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பயிற்சிக் கூடத்தைக் காட்ட மறுத்தாலும் அப்படியே.

அதற்கும் முன்னால் ஒரு பரீட்சையை வீட்டிலேயே வைக்கலாம். ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுப் பொறுப்பைப் பையனோ பொண்ணோ எடுத்துக்கொள்ளட்டும்: சந்தைக்குப் போவது, கணக்கு எழுதுவது, சமைப்பது, பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைப்பது வரை. முப்பதாவது நாளும் சலிக்காமல் அடுப்படிக்குள் போனால், அப்பத்தாவின் கேள்விக்கு அதுதான் பதில். பத்தாவது நாளே கசந்துவிட்டால், அப்பாவின் பணமாவது மிச்சம்.